காகிதத்தில் தோண்டிய சுரங்கம்

புனே மண்ணில் இரும்புத்தாது கிடையாது. ஆனால் இரும்பை எடுத்துவிட்டால் பிம்ப்ரி-சிஞ்ச்வடு, போசரி, சாகன் பகுதிகளில் பாதித் தொழிற்சாலைகளுக்கு வேலையே இருக்காது. டிராக்டர் எஞ்சினுக்கான வார்ப்புகளைச் செய்யும் கிர்லோஸ்கர் ஃபெரஸ், வாகன உதிரிபாகங்களுக்கான உருக்கைத் தயாரிக்கும் கல்யாணி ஸ்டீல்ஸ் இரண்டுக்கும் தலைமையகம் புனே. உலைகள் எரிவதோ கர்நாடகத்தின் கொப்பள் மாவட்டத்தில். தாது கிடைக்கும் பெல்லாரி அங்கிருந்து கூப்பிடு தூரம். 2011 ஜூலை 29 அன்று பெல்லாரி மாவட்டத்தின் சுரங்கங்களை மொத்தமாக நிறுத்தச் சொல்லி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. தோரணகல்லில் உள்ள ஜிண்டாலின் பிரம்மாண்ட ஆலை உற்பத்தியைக் குறைத்துக்கொண்டது. கொப்பள் வட்டாரத்து உலைகளையும் தாதுத் தட்டுப்பாடு விடவில்லை. ஒழுங்காக விலை கொடுத்து வாங்கியவர்களும் அதில் சேர்ந்தே மாட்டினார்கள்.

நீதிமன்றத்தை அந்த எல்லைக்குத் தள்ளிய கதையில் பாத்திரங்கள் ஏராளம். மையத்தில் நிற்பவர் ஒருவர்: ஜி. ஜனார்த்தன ரெட்டி. போலீஸ் கான்ஸ்டபிளின் மகன், சுரங்க முதலாளி, கர்நாடக அமைச்சர், சஞ்சல்குடா சிறைக் கைதி, கடைசியில் எம்.எல்.ஏ.

தமிழ்நாட்டுக் காய்கறிக் கடையில் பெல்லாரி என்றால் பெரிய வெங்காயம். அரசியல் தெரிந்தவர்களுக்குப் பெரியார் இருந்த சிறை. 1938இல் இந்தி எதிர்ப்புக்காகத் தண்டனை பெற்று அவர் அங்கே இருந்தபோதுதான் நீதிக்கட்சி அவரைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தது. 1953 வரை பெல்லாரி சென்னை மாகாணத்து மாவட்டம். அதற்குள்ளேயே தனித் தீவு போல சந்தூர் என்ற குட்டி சமஸ்தானம் இருந்தது. ஆண்டவர்கள் மராட்டிய கோர்படே குடும்பத்தினர். அங்குள்ள மலையில் குமாரசாமி கோயில் இருக்கிறது. நம் முருகன்தான். புனேயின் கடைசிப் பேஷ்வா இரண்டாம் பாஜி ராவ், அந்தக் கோயிலுக்கு யாத்திரை போவதாகச் சொல்லிக்கொண்டு சந்தூரைப் பிடிக்கப் பார்த்தார். 1817இல் தாமஸ் மன்றோ படையோடு வந்து ஊரை எடுத்துக்கொண்டார். பேஷ்வா வீழ்ந்ததும் அடுத்த ஆண்டே அது கோர்படேக்களிடம் திரும்பியது. சாமி பெயரைச் சொல்லி எல்லை தாண்டுவது அந்த வட்டாரத்துக்குப் பழகிய சங்கதிதான். அந்த மலைகளில்தான் உயர்ந்த ரக இரும்புத்தாது கிடக்கிறது.

ரெட்டி 1967இல் பிறந்தவர். கருணாகர ரெட்டி, சோமசேகர ரெட்டி என்று இரண்டு சகோதரர்கள். சகோதரரைப் போலவே கூடவே வளர்ந்த நண்பர் ஸ்ரீராமுலு. ஜனார்த்தன ரெட்டி முதலில் இறங்கியது நிதி நிறுவனத் தொழிலில். எனோபிள் இந்தியா என்ற அந்த நிறுவனம் சில ஆண்டுகளே நடந்து மூடப்பட்டது. இரும்போடு அவருக்கு அதுவரை எந்தச் சம்பந்தமும் இல்லை.

1999 மக்களவைத் தேர்தல் அவருக்கு வாசலைத் திறந்தது. பெல்லாரியில் சோனியா காந்தி நின்றார். எதிர்த்து நிற்க பாஜக அனுப்பியவர் சுஷ்மா ஸ்வராஜ். சுஷ்மா கன்னடம் பழகிக்கொண்டு மேடையேறினார். ரெட்டி சகோதரர்கள் அவருக்காக ஓடியாடி வேலை செய்தார்கள். சோனியா 56,000 வாக்குகளுக்கு மேல் வித்தியாசத்தில் ஜெயித்தார். தோற்ற வேட்பாளரோடு ஏற்பட்ட உறவு மட்டும் நிலைத்தது. பல ஆண்டுகள் வரமகாலட்சுமி பூஜைக்கு சுஷ்மா பெல்லாரி வந்தார். சகோதரர்கள் அவரைத் தாயே என்று அழைத்தார்கள். ஊழல் வெளிவந்த பிறகு, அவர்களை அமைச்சராக்கியதில் தனக்குப் பங்கில்லை என்று சுஷ்மா விலகிக்கொண்டார்.

வேண்டிய காசு சீனாவிலிருந்து வந்தது. 2000இல் சீனா உருக்கியது ஏறத்தாழ 13 கோடி டன் எஃகு. 2008இல், அதாவது பீஜிங் ஒலிம்பிக் ஆண்டில், அது 50 கோடி டன்னைத் தாண்டியது. அதுவரை பெல்லாரியில் கட்டித் தாதுவுக்குத்தான் மதிப்பு. சென்னைத் துறைமுகத்தின் தாதுக் கப்பல்துறையே 1970களில் அந்தக் கட்டித் தாதுவை ஜப்பானுக்கு ஏற்றுவதற்காக எழுந்ததுதான். தூள் தாது சுரங்க வாயிலில் குவியல் குவியலாகக் கிடக்கும், கேட்பார் கிடையாது. சீன ஆலைகள் தூளையும் வாங்கின. டன் 20 டாலருக்கும் குறைவாக விற்றுக்கொண்டிருந்த சரக்கு 2008இல் 100 டாலரைத் தாண்டி எங்கோ போனது. அந்தச் சமயத்தில் அரசுக்கு மத்திய விதிப்படி கிடைத்த ராயல்டி, உச்சபட்சமாக, டன்னுக்கு 27 ரூபாய். சந்தை விலையில் 10 சதவீதம் என்று அதை மாற்ற 2009 ஆகஸ்ட் வரை யாருக்கும் நேரம் கிடைக்கவில்லை. இருபத்தேழு ரூபாய்க்கும் நாலாயிரம் ரூபாய்க்கும் நடுவில் கிடந்த இடைவெளியில்தான் ஹெலிகாப்டர்கள் வந்து இறங்கின.

ரெட்டியின் கெட்டிக்காரத்தனம் மண்வெட்டியில் இல்லை, காகிதத்தில் இருந்தது.

அவருடைய ஒபுலாபுரம் மைனிங் கம்பெனிக்குக் குத்தகை கிடைத்தது பெல்லாரியில் அல்ல. எல்லைக்கு அந்தப் பக்கம், ஆந்திரத்தின் அனந்தபூர் மாவட்டத்தில். 2004இல் அங்கே முதல்வரானவர் காங்கிரஸின் ஒய்.எஸ். ராஜசேகர ரெட்டி. கட்சி வேறாக இருந்தாலும் நெருக்கத்துக்குக் குறைவில்லை. கடப்பா மாவட்டம் ஜம்மலமடுகில் பிராமணி ஸ்டீல்ஸ் என்ற ஆலைக்காக ஆந்திர அரசு ஜனார்த்தன ரெட்டிக்கு 10,000 ஏக்கருக்கு மேல் நிலம் ஒதுக்கியது. ஒபுலாபுரத்தில் தோண்டும் தாது அந்த ஆலைக்கு மட்டுமே என்பது முதலில் பேசப்பட்ட நிபந்தனை. 2007இல் வெளிவந்த இறுதி அரசாணையில் அந்த நிபந்தனை இல்லை. விண்ணப்பத்திலும் கோப்பிலும் இருந்தது, ஆணையில் கழன்றுவிட்டது. சிபிஐ பின்னால் கட்டிய வழக்குக்கு இதுதான் முதுகெலும்பு. ஆலை எழும்பவில்லை. தாது மட்டும் கிருஷ்ணபட்டினம் வழியாகவும் மற்றத் துறைமுகங்கள் வழியாகவும் கப்பல் ஏறியது.

அடுத்த காகிதம் வரைபடம். ஒபுலாபுரம் குத்தகை கர்நாடக எல்லையை ஒட்டி, பெல்லாரி காப்புக்காட்டுக்குள் இருந்தது. எல்லைக்கல் எங்கே நிற்கிறது என்பதைப் பொறுத்து எந்தத் தாது யாருடையது என்று முடிவாகும். கற்கள் பெயர்க்கப்பட்டன, குத்தகைக்கு வெளியேயும் தோண்டினார்கள் என்பது குற்றச்சாட்டு. எல்லைக்கு அடையாளமாக நின்ற பழைய சுக்கலம்மா கோயில் 2006இல் வெடி வைத்துத் தகர்க்கப்பட்டது. பக்கத்துச் சுரங்க உரிமையாளரான தபால் கணேஷ் வருடக்கணக்கில் புகார் எழுதிக்கொண்டே இருந்தார். மாநில எல்லையை அளந்து சொல்லும் வேலை கடைசியில் சர்வே ஆஃப் இந்தியாவிடம் போனது. இரண்டு மாநிலங்கள், ஒரு மத்திய அரசு, உச்ச நீதிமன்றம் எல்லாம் சேர்ந்தும் ஒரு காட்டுக்குள் கோடு போடுவதற்குப் பட்ட பாட்டைப் பார்த்தால், அந்தக் கோட்டைக் கலைத்தவருக்கு அதன் விலை நன்றாகத் தெரிந்திருக்கிறது என்று தோன்றும்.

மூன்றாவது, பர்மிட். கர்நாடகப் பக்கத்தில் ரெட்டியின் பெயரில் பெரிய சுரங்கங்கள் இல்லை. தேவைப்படவும் இல்லை. கர்நாடகத்தின் ஊழல் விசாரணை அமைப்பான லோக் ஆயுக்தாவுக்காக விசாரணைக் குழுவை நடத்திய வனத்துறை அதிகாரி யு.வி. சிங், ஜீரோ ரிஸ்க் என்ற ஏற்பாட்டை விவரித்தார். சுரங்கக்காரர் தன் தாதுவில் ஒரு பங்கை ரெட்டி தரப்பிடம் கொடுத்துவிட வேண்டும். மிச்சத்தை எடுத்துக்கொண்டு போகும் லாரியைப் பர்மிட் இருக்கிறதா, எடை சரியா என்று யாரும் மறிக்க மாட்டார்கள். சோதனைச்சாவடி முதல் துறைமுகம் வரை பாதை திறந்திருக்கும். தோண்டும் செலவு, வெடிமருந்து, கூலி எதுவும் கிடையாது, வழிவிடுவதற்கு விலை. பெல்லாரிக் குடியரசு என்று பத்திரிகைகள் எழுத ஆரம்பித்தது இதைப் பார்த்துத்தான்.

2008 மே தேர்தலில் பாஜக 224இல் 110 இடம் பிடித்தது. ஆட்சிக்கு மூன்று பேர் குறைச்சல். சுயேச்சைகள் வந்து சேர்ந்தார்கள். தென்னிந்தியாவில் பாஜகவின் முதல் சொந்த ஆட்சி எடியூரப்பா தலைமையில் அமைந்தது. பிறகு காங்கிரஸ், ஜனதா தளம் எம்.எல்.ஏ.க்கள் ராஜினாமா செய்துவிட்டுத் தாமரைச் சின்னத்தில் மறுபடி நின்றார்கள். ஆபரேஷன் கமலா என்று பெயர் பெற்ற இந்த வேலைக்குப் பணம் பெல்லாரியிலிருந்து வந்தது என்பது எதிர்க்கட்சிகளின் பேச்சு. பலன் கண்ணுக்குத் தெரிந்தது. ஜனார்த்தன ரெட்டி சுற்றுலா அமைச்சர், கருணாகர ரெட்டி வருவாய் அமைச்சர், ஸ்ரீராமுலு சுகாதார அமைச்சர். சோமசேகர ரெட்டிக்குப் பால் கூட்டமைப்பின் தலைவர் பதவி.

2009 ஜூனில் ஜனார்த்தன ரெட்டி திருப்பதி வெங்கடாசலபதிக்கு வைரம் பதித்த தங்கக் கிரீடம் காணிக்கை தந்தார். மதிப்பு 45 கோடி ரூபாய் அளவில் என்று அன்றைய செய்திகள். ருக்மிணி என்று பெயரிட்ட ஹெலிகாப்டர். 2.2 கோடி ரூபாய்த் தங்க நாற்காலி, 13 லட்சம் ரூபாய்த் தங்க இடுப்புப் பட்டை. இந்தக் கடைசி இரண்டும் வதந்தி அல்ல. அமைச்சர் என்ற முறையில் லோக் ஆயுக்தாவிடம் அவரே கொடுத்த சொத்துக் கணக்கில் இருந்தவை.

அதே ஆண்டு இலையுதிர்க்காலத்தில் அவர் தன் முதல்வரையே ஆட்டிப் பார்த்தார். எம்.எல்.ஏ.க்கள் ஹைதராபாத் ரிசார்ட்டுக்குப் போய்விட்டார்கள். தொலைக்காட்சி கேமரா முன் எடியூரப்பா கண்ணீர் விட்டார். அவருக்கு நெருக்கமான அமைச்சர் ஷோபா கரந்தலாஜே பதவி இழந்தார். டெல்லி தலையிட்டுச் சமாதானம் செய்தது. ரெட்டியின் உச்சம் அதுதான்.

உண்மையில் சரிவு அதற்கு இரண்டு மாதம் முன்பே தொடங்கிவிட்டது. 2009 செப்டம்பர் 2 அன்று ராஜசேகர ரெட்டி ஹெலிகாப்டர் விபத்தில் இறந்தார். அடுத்து வந்த ரோசய்யா அரசு ஒபுலாபுரத்தில் வேலையை நிறுத்தி, சிபிஐ விசாரணை கேட்டது. டிசம்பரில் வழக்குப் பதிவானது. கோப்பில் இருந்த கையெழுத்துகள் மாறவில்லை. அவற்றுக்குப் பின்னால் நின்ற ஆள் மட்டும் இல்லை.

கர்நாடகப் பக்கம் முட்டுக்கட்டை போட்டவர் லோக் ஆயுக்தா சந்தோஷ் ஹெக்டே, முன்னாள் உச்ச நீதிமன்ற நீதிபதி. கார்வார் பக்கத்தில் பேலேகேரி என்ற சின்னத் துறைமுகம். வனத்துறை அங்கே பறிமுதல் செய்து வைத்திருந்த லட்சக்கணக்கான டன் தாது 2010இல் மாயமானது. மலையளவு மண்ணைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள், யார் கண்ணிலும் படாமல்! அதைப் பறிமுதல் செய்த வனத்துறை அதிகாரியை அரசு பணியிடைநீக்கம் செய்யப் பார்த்ததும் ஹெக்டே ராஜினாமா கடிதம் கொடுத்தார். அத்வானி பேசிய பிறகே திரும்பப் பெற்றார். முடிந்தால் பெல்லாரிக்கு வந்து பார் என்று சட்டமன்றத்தில் எழுந்த சவாலை எதிர்க்கட்சித் தலைவர் சித்தராமையா பிடித்துக்கொண்டார். 2010 ஜூலை கடைசியில் பெங்களூரிலிருந்து கிளம்பி 320 கிலோமீட்டர் நடந்தார். பின்னாளில் அவரை முதல்வர் நாற்காலியில் கொண்டுபோய் வைத்ததில் அந்த நடைக்குப் பங்குண்டு.

2011 ஜூலை 27 அன்று ஹெக்டே அறிக்கையைக் கொடுத்தார். 2006க்கும் 2010க்கும் இடையில் அரசுக்கு நஷ்டம் 16,085 கோடி ரூபாய் என்று கணக்கிட்டிருந்தது அது. எடியூரப்பாவின் பெயரும் இருந்ததால் சில நாளில் அவர் பதவி விலகினார். (அது தொடர்பான லஞ்ச வழக்கில் 2016இல் சிபிஐ நீதிமன்றம் அவரை விடுவித்தது.) சமாஜ பரிவர்த்தன சமுதாயா அமைப்பும் அதன் எஸ்.ஆர். ஹிரேமத்தும் போட்ட மனுவில்தான் உச்ச நீதிமன்றத்தின் தடை வந்தது. செப்டம்பர் 5 காலை சிபிஐ பெல்லாரி வீட்டுக் கதவைத் தட்டியது. கிலோக் கணக்கில் தங்கம், ஹெலிகாப்டர், சொகுசு கார்கள் எல்லாம் பறிமுதல். ரெட்டியையும் அவர் மைத்துனர் ஸ்ரீனிவாச ரெட்டியையும் ஹைதராபாத் சஞ்சல்குடா சிறைக்குக் கொண்டுபோனார்கள். 2012 மே மாதம் ஜனார்த்தன ரெட்டிக்கு ஜாமீன் கொடுத்த சிபிஐ நீதிமன்ற நீதிபதியே, பணம் வாங்கித்தான் கொடுத்தார் என்ற புகாரில் பணியிடைநீக்கமாகிக் கைதானார். ஜாமீன் ரத்தானது. உச்ச நீதிமன்றம் ரெட்டியை ஜாமீனில் விட்டது 2015 ஜனவரி 20 அன்று. பெல்லாரி, அனந்தபூர், கடப்பா மாவட்டங்களுக்குள் நுழையக் கூடாது என்பது நிபந்தனை.

அதற்கு மூன்று வாரம் கழித்து, பிப்ரவரி 9 அன்று, சீனாவில் லியூ ஹான் என்ற இன்னொரு முதலாளிக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. சிச்சுவான் மாகாணத்தின் ஹான்லாங் குழும முதலாளி, மாகாண அரசியல் ஆலோசனைக் குழுவின் உறுப்பினர். ஆப்பிரிக்காவில் இரும்புத்தாது வைத்திருந்த ஆஸ்திரேலிய நிறுவனம் சன்டான்ஸை நூறு கோடி டாலருக்கு மேல் கொடுத்து வாங்கப் புறப்பட்டவர். ரெட்டியைக் கொழிக்க வைத்த அதே சீன இரும்புப் பசிதான் இவரையும் வளர்த்தது. 2008 நிலநடுக்கத்தில் இவர் பணத்தில் கட்டிய பள்ளிக்கூடம் இடியாமல் நின்றதால் நாடே பாராட்டியது. 2013 மார்ச்சில் கைது, அடுத்த ஆண்டு மே மாதம் மரண தண்டனை, அதற்கடுத்த பிப்ரவரியில் எல்லாம் முடிந்தது. ரவுடிக் கும்பல் நடத்தியது, கொலைகள் செய்வித்தது என்பவை குற்றங்கள். ஆனால் அவருக்குப் பாதுகாப்பாக இருந்தவர் என்று பேசப்பட்ட ஜோ யோங்காங் என்ற பெருந்தலை சாய்ந்த காலமும் அதுவே. பெல்லாரியிலும் சிச்சுவானிலும் முதலாளி விழுந்தது புரவலரின் நிழல் விலகியபோதுதான். இரண்டே ஆண்டில் உயிரை எடுக்கும் வேகத்தை நீதி என்று கொண்டாட முடியாது. ரெட்டி வழக்கைப் போல, கைதிலிருந்து தீர்ப்பு வரை பதினான்கு ஆண்டு இழுப்பதையும் அப்படிச் சொல்ல முடியாது.

பதினான்கு ஆண்டில் ரெட்டிக்கு எவ்வளவோ செய்ய நேரம் கிடைத்தது. 2016 நவம்பர் 8 இரவு பழைய நோட்டுகள் செல்லாது என்று பிரதமர் அறிவித்தார். எட்டு நாள் கழித்து, ஊரே வங்கி வாசலில் வரிசை கட்டி நிற்கையில், பெங்களூர் அரண்மனை மைதானத்தில் விஜயநகரத்து அரங்கம் போட்டு மகளுக்குக் கல்யாணம் செய்தார். அழைப்பிதழைத் திறந்தால் உள்ளே திரையில் படம் ஓடியது. 2022 டிசம்பரில் கல்யாண ராஜ்ய பிரகதி பக்ஷா என்று சொந்தக் கட்சி தொடங்கினார். பெல்லாரிக்குள் போக முடியாததால் 2023இல் பக்கத்து கொப்பள் மாவட்டத்தின் கங்காவதியில் நின்று ஜெயித்தார். பெல்லாரி நகரத்தில் அவர் மனைவி, பாஜக வேட்பாளரான கணவரின் சகோதரர் சோமசேகர ரெட்டியை எதிர்த்து நின்றார். இருவருமே காங்கிரஸிடம் தோற்றார்கள். 2024 மார்ச்சில் கட்சியைக் கலைத்துப் பாஜகவுக்கே திரும்பினார். அதே ஆண்டு செப்டம்பர் 30 அன்று பெல்லாரிக்குள் நுழைய உச்ச நீதிமன்றம் அனுமதி தந்தது.

2025 மே 6 அன்று ஹைதராபாத் சிபிஐ சிறப்பு நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. ஜனார்த்தன ரெட்டி, ஸ்ரீனிவாச ரெட்டி, உதவியாளர் ஒருவர், ஆந்திரக் கனிமவளத் துறையின் முன்னாள் இயக்குநர் ராஜகோபால் ஆகியோருக்கு ஏழாண்டுச் சிறை. சிபிஐ காட்டிய நஷ்டம் 884 கோடி. ஆந்திரத்தின் அன்றைய சுரங்க அமைச்சர் சபிதா இந்திரா ரெட்டி விடுதலையானார். கோப்பு வழியாகப் போன வழக்கில் கையெழுத்துப் போட்ட அதிகாரி ஒருவர் மாட்ட, அரசியல் மேசை காலியாகவே இருந்தது.

ரெட்டி மறுபடி சஞ்சல்குடாவுக்குப் போனார், எம்.எல்.ஏ. பதவி பறிபோனது. ஜூன் 11 அன்று தெலங்கானா உயர் நீதிமன்றம் தண்டனையை நிறுத்திவைத்து ஜாமீன் கொடுத்தது. பதவியும் திரும்பி வந்தது.

மாறியது சுரங்கத் தொழில்தான். நீதிமன்றம் குத்தகைகளை மூன்று வகையாகப் பிரித்து, மோசமான வகையை 2013இல் ரத்து செய்தது. தாதுவை மின்னேலத்தில் மட்டுமே விற்க வேண்டும், ஆண்டுக்கு இத்தனை டன்தான் தோண்டலாம் என்று உச்சவரம்பு போட்டது. 2015 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு புதுக் குத்தகையும் நாடு முழுவதும் ஏலத்தில்தான். கர்நாடகத் தாதுவை வெளிநாட்டுக்கு விற்கும் தடை 2022 வரை நீடித்தது. சிதைந்த காட்டையும் ஊரையும் சீர்செய்ய என்று வசூலித்த பணம் ஆயிரக்கணக்கான கோடி, செலவாகாமல் வங்கியில் பல காலம் கிடந்தது.

பேலேகேரி வழக்கும் ஒரு முடிவுக்கு வந்தது. 2024 அக்டோபரில் கார்வார் எம்.எல்.ஏ. சதீஷ் சைலுக்கு ஏழாண்டுச் சிறை விதிக்கப்பட்டது. அவர் காங்கிரஸ்காரர். அடுத்த மாதமே கர்நாடக உயர் நீதிமன்றம் அந்தத் தண்டனையையும் நிறுத்திவைத்தது.